நாய்க்கான வேலி

மார்ச் 4

அன்புள்ள சின்னவனுக்கு,

போனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிக்கிறோம். போன தடவை யார் முதலில் போனை வைத்தது என்பதிலேயே ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

போன வாரம் அடித்த காற்றில் பின்பக்கக் கம்பி வேலி மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. இப்போது நம் வீட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருப்பது துணி காயப்போடும் கயிறு மட்டும்தான். வேலி விழுந்த மறுநாளே அப்பா வெளியே போய்விட்டார். நான் தையல் மிஷினில் இருந்தேன். அது ஓடும் சத்தத்தில் தாழ்ப்பாள் திறந்தது காதில் விழவில்லை. மதகுக் காவலாளிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். செருப்பைக் கரையில் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாராம். அக்கரையில் ஒரு மின்கம்பம் இருக்கிறதே, அதில் லைன் போய்விட்டது, சரிபார்க்க வேண்டும் என்று சொன்னாராம். என் பெயர் மறந்துவிட்டது, உன் பெயர் மறந்துவிட்டது, சாப்பிட்டது மறந்துவிடுகிறது. லைன்மேனாகக் கம்பம் ஏறியது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

அவருக்கு நீச்சல் தெரியாது. வாய்க்காலில் இப்போது தண்ணீர் முழு வேகத்தில் போகிறது. கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு, அதில் ஒரு மணியையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மிஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டுகிறேன், நிறுத்திக் காது கொடுக்கிறேன், மறுபடி ஓட்டுகிறேன். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன்.

உடனே ஒரு நல்ல வேலி வேண்டும். ஆனால் ஆள் பார்த்து அமர்த்த எனக்குத் துப்பு கிடையாது என்பது உனக்கே தெரியும். குளியலறைத் தரை போட நான் பிடித்த ஆளின் புண்ணியத்தில் இன்றைக்கும் தண்ணீர் ஹாலைப் பார்த்துத்தான் ஓடுகிறது. இந்தத் தடவை தப்பு செய்தால் தரையைத் துடைத்துவிட்டுப் போக முடியாது. எப்படிப்பட்ட கான்ட்ராக்டரைப் பிடிக்க வேண்டும் என்று எழுது.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

போனை முதலில் வைத்தது நீதான். அது இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை. லிஃப்டைச் சோதிக்கிறவன் மனம் ஓடாமல் கையெழுத்துப் போடக்கூடாது. இரண்டு கட்டிடங்களைத் தள்ளிப்போட்டுவிட்டேன்.

ஆள் பார்க்கும் விஷயத்தில் நான் சொல்வதை அப்படியே செய். அவன் போன மாதம் கட்டியதைக் காட்டினால் பார்க்காதே, புது வேலி எல்லாமே நிமிர்ந்துதான் நிற்கும். பல மழை பார்த்த பழைய வேலியைக் காட்டச் சொல். போய்த் தோளால் முட்டிப் பார். அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசு. என்ன மரம், தூண் எவ்வளவு ஆழம், எப்போது முடிப்பான் எல்லாவற்றையும் எழுதி வாங்கு.

இதைவிட முக்கியம், உன் அவசரத்தைக் காட்டாதே. என் தொழிலில் நான் பார்த்தது இது. அவசரம் என்று வாய் திறந்த கட்டிடக்காரர்தான் மட்டமான வேலையை வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்பா விஷயத்தை எவனிடமும் சொல்லாதே. தெரிந்தால் ஏறி மிதிப்பான். தெருவெல்லாம் பேச்சாகும், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எதற்கு வேலி என்று கேட்டால் தெருநாய் வருகிறது என்று சொல்லிவிடு.

இன்னொன்று. நீ கோபப்படுவாய், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு முதியோர் விடுதி இருக்கிறது, சுத்தமான இடம். ஒரு அறை காலியாகப் போகிறதாம். அப்பா பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். இன்னொரு தடவை அவர் வாய்க்கால் பக்கம் போனார் என்றால் நான் வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அதன்பிறகு பேச்சு இல்லை.

சின்னவன்

மார்ச் 17

சின்னவனுக்கு,

விடுதியைப் பற்றி நீ எழுதிய பத்தியை நான் படிக்கவில்லை. அதற்குப் பதிலும் கிடையாது.

இரண்டு பேர் வந்தார்கள். முதல் ஆள் சலவைச் சட்டை, வாயைத் திறந்தால் தேன். "அம்மா, நீங்க கவலையை என்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா தூங்குங்க" என்றார். போனில் படம் படமாகக் காட்டினார். நீ சொல்லிக்கொடுத்தபடி, பழைய வேலி ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்சம் முழித்துவிட்டு, நாலு தெரு தள்ளிக் கூட்டிப்போய் ஒரு வேலியைக் காட்டி, இது நம்ம கைவேலைதான் என்றார். நான் தோளைக் கொடுத்து முட்டினேன். வீட்டுக்கார அம்மா வெளியே வந்து, "யார் நீங்க, எதுக்கு எங்க வேலியை இடிக்கிறீங்க?" என்று கேட்டாள். இந்த ஆளை அவள் பார்த்ததே இல்லையாம். திரும்பிப் பார்த்தால் தேனைக் காணோம். நான்தான் அசடு வழிய நின்றேன்.

இரண்டாவது ஆள் நல்ல மனிதர் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்வதோடு சரி. ஒவ்வொரு தடவையும் அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார், கோபப்படக்கூட முடியவில்லை. அப்பாகூட அவர் குரலைப் பழகிக்கொண்டு, போன் அடித்தால் "நாளைக்குத்தானே?" என்கிறார்.

அப்பாவுக்கு என் நாற்காலியும் மணியும் போதவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தக் கற்றுக்கொண்டுவிட்டார். மணியைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்திருந்தார். நான் கண்டுபிடித்ததும் குழந்தைபோலச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தையலுக்கு வருகிறவர்கள், ஏன் அக்கா இளைத்துவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். நாய் தொல்லை என்கிறேன்.

அக்கா

மார்ச் 22

அக்காவுக்கு,

'நாளைக்கு வருகிறேன்' ஆளை விட்டுவிடு. தேன் ஆள் மறுபடி வந்தால் கதவைத் திறக்காதே.

மதகுக் காவலாளியிடம் கேட்டுப் பார். வாய்க்கால் ஓரமாக வருஷம் முழுக்க நடக்கிறவர் அவர்தான். எந்த வேலி நிற்கிறது, எது விழுந்தது என்று அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

நீ படிக்காத பத்தியை இன்னொரு தடவை எழுத வைக்காதே அக்கா. எனக்கும் தூக்கம் இல்லை.

சின்னவன்

ஏப்ரல் 2

சின்னவனுக்கு,

ஆள் கிடைத்துவிட்டார். காவலாளி கை காட்டியவர்தான். நான் வைத்த பெயர் முறைப்பு. வந்தார், வணக்கம் சொல்லவில்லை, நேராகப் பின்பக்கம் போய் மண்ணைக் காலால் உதைத்துப் பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்றதற்கு, வேலை பேசிட்டுக் குடிக்கிறேன் என்றார். அவர் கட்டிய பழைய வேலி ஒன்றைப் போய் முட்டினேன். என் தோள்தான் வலித்தது. அந்த வீட்டுக்காரரிடம் தனியாக விசாரித்தேன். "மனுஷனுக்குப் பேசத் தெரியாதும்மா. ஆனா முதல் மழை பெஞ்சதும் அவரா வந்து ஒவ்வொரு தூணையும் ஆட்டிப் பார்த்துட்டுப் போனார். நாங்க கூப்பிடவே இல்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு முடிவாகிவிட்டது.

ஆனால் ஒரு சங்கடம். எதுக்கு வேலி என்று கேட்டார். நாய்க்கு என்றேன். அதோடு விடுவார் என்று பார்த்தால், குறுக்கு விசாரணை ஆரம்பித்துவிட்டார். "என்ன மாதிரி நாய்? மண்ணைத் தோண்டுமா, எகிறிக் குதிக்குமா?" எனக்கு என்ன தெரியும்? குதிக்கும் என்றேன். "பெருசா?" பெரிசுதான் என்றேன். "காலை ஊன்றித் தொத்தி ஏறுமா?" ஏறும் என்றேன். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு வாய்க்கால் கரையையே பார்த்தார். இல்லாத நாய்க்கு ஒரு குணம், ஒரு உயரம் எல்லாம் கொடுத்துவிட்டேன், இனி பெயர் வைக்க வேண்டியதுதான்.

இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற ஆளிடம் பொய் சொல்கிறோமே என்று ஒரு மாதிரியாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. உன் கடிதம் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார். தூணுக்கு நல்ல ஆழம். பலகை முழுக்க வெளிப்பக்கம், வாய்க்காலைப் பார்த்து வழவழப்பாக, நகம்கூடப் பதியாதபடி. பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டமெல்லாம் நம் பக்கம். இது சரிதானா என்று நீ பார்த்துச் சொல்.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

முறைப்பை எனக்குப் பிடித்துவிட்டது. கேள்வி கேட்கிறவனைத்தான் நம்பலாம். சட்டம் உள்பக்கம் வருவதுதான் முறை. வெளியிலிருந்து எதுவும் கால் வைத்து ஏற இடம் இருக்காது. தொழில் தெரிந்தவர்தான் இப்படி யோசிப்பார். கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லிவிடு.

நாய் விஷயத்தில் நீ மனம் உறுத்திக்கொள்ளாதே. வேலி வந்தால் போதும்.

சின்னவன்

ஏப்ரல் 19

சின்னவனுக்கு,

வேலி எழும்பிவிட்டது. என் தலைக்கு மேலே ஒரு முழம் இருக்கும். கைப்பிடித்து ஆட்டினால் நான்தான் ஆடுகிறேன். கதவு கிடையாது, பூட்டு கிடையாது, திறக்க ஒன்றுமே இல்லை. முறைப்பு கடைசி ஆணியை அடித்துவிட்டு, "உங்க நாய் இனிமே வராது" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, மீசை கொஞ்சம் அசைந்தது.

வீட்டில் எவ்வளவு பெரிய மாற்றம் தெரியுமா? நாற்காலியை எடுத்துவிட்டேன். பின்கதவு திறந்தே கிடக்கிறது, காற்று வருகிறது. மிஷினை நிறுத்தாமல் ஓட்டுகிறேன். தேங்கிக் கிடந்த துணியெல்லாம் குறைந்துவிட்டது, சட்டைக் கைகளும் வலதும் இடதுமாகச் சரியாக வருகின்றன. இரவில் தூங்குகிறேன்.

அப்பாவுக்கும் வேலியைப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு சட்டமாகத் தொட்டுப் பார்க்கிறார். "யார் போட்டது? இடைவெளி அளவா இருக்கு" என்றார். அவர் பாராட்டுவதை எத்தனை காலம் கழித்துக் கேட்கிறேன். முறைப்பு வந்தால் சொல்ல வேண்டும்.

நீ இனி அந்த விடுதிக்காரர்களிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அக்கா

ஏப்ரல் 27

சின்னவனுக்கு,

போனைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் பாதியை மறைத்துவிடுவேன், எனக்கே தெரியும். மறைத்தால் அப்பா என்னோடு இருப்பார். சொன்னால் நீ கூட்டிப் போய்விடுவாய். இருந்தும் சொல்கிறேன்.

நேற்று மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. நான் தைத்துக்கொண்டிருந்தேன். நூல் அறுந்தது. கோர்ப்பதற்காக நிமிர்ந்தேன். அப்பா வேலியின் உச்சியில் இருந்தார். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம்.

குறுக்குச் சட்டத்தில் ஏறிவிட்டார். நாம் காசு கொடுத்து, எழுதி வாங்கி, அவருக்கு ஏணி செய்து கொடுத்திருக்கிறோம். அந்தப் பக்கம் ஒரே வழவழப்பு. காலை வைத்தால் நேரே சறுக்கிக் கரை, கரையிலிருந்து தண்ணீர். இறங்க வழியே கிடையாது.

அப்பா என்று கத்த வாயெடுத்தேன். கத்தியிருந்தால் அவ்வளவுதான். அவர் இப்போதெல்லாம் அந்த வார்த்தைக்குத் திரும்புவதும் இல்லை. எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்காதே. சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன், அவர் கம்பத்தில் இருப்பார், கீழே உதவியாள் நின்று சத்தம் கொடுப்பான். அவனை மாதிரியே நானும் நின்றுகொண்டு, "அண்ணே, லைன் இன்னும் ஆஃப் பண்ணலண்ணே. கீழ வாங்க" என்றேன்.

அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பக்கம் இருந்த காலை எடுத்து இந்தப் பக்கம் போட்டார். கீழே பார்க்கவே இல்லை, கால் தானாகச் சட்டத்தைத் தேடித் தேடி இறங்கியது. தரைக்கு வந்ததும் என் மேல் பாய்ந்தார். "ஏன்டா தம்பி, முன்னாடியே சொல்ல மாட்டியா? வேலைக்கு ஏறுறவன்கிட்ட உள்ளதைச் சொல்லணும்டா. சொல்லாம விட்டா ஒரு உசிரு போயிரும்." நான், மன்னிச்சுக்கங்கண்ணே என்றேன். வேறு என்ன சொல்ல?

திரும்பினால் பக்கவாட்டுச் சந்தில் முறைப்பு நிற்கிறார். முதல் மழை பெய்துவிட்டது அல்லவா, தூணை ஆட்டிப் பார்க்க வந்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். "நாய்ன்னு சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபத்தில் அவர் முகம் கறுத்துவிட்டது. "வெளியிலேர்ந்து வராம இருக்கணும்னா ஒரு வேலி, உள்ளேர்ந்து போகாம இருக்கணும்னா வேற வேலி. என் வேலியில ஏறி ஒரு பெரியவர் விழுந்திருந்தா, நான் எந்த மூஞ்சியோட இந்தத் தெருவுல நடப்பேன்?" என்றார். திட்டிக்கொண்டே போய் ஆணி பிடுங்கும் கம்பியை எடுத்துவந்தார். இருட்டும்வரை பலகைகளைப் பிரித்தார். சட்டமெல்லாம் அந்தப் பக்கம், பலகை இந்தப் பக்கம் என்று திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் முடியவில்லை. நான் மிஷினை மூடிவிட்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே நடந்துவிட்டது. இன்னொரு தடவை போனால் பேச்சு இல்லை என்றாய். நான் பேசவில்லை. ஆனால் அவரை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

அக்கா

மே 3

அக்காவுக்கு,

நாய் உன்னுடையது அல்ல, நான் வளர்த்தது. சட்டம் உள்பக்கம்தான் சரி என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான். தினமும் அடுத்தவர் செய்த வேலையில் ஓட்டை கண்டுபிடிக்கிறவன், கண்ணை மூடிக்கொண்டு சரி சொல் என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதம் இருந்தால் கிழித்துப் போடு.

கடிதம் வந்த அன்றே விடுதிக்குப் போனேன். அறை காலியாகிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் கூட்டி வரலாம் என்றார்கள். சுற்றிப் பார்த்தேன். வேலி, கதவு, மாடிப்படி எல்லாம் கச்சிதம். குறை சொல்ல ஒன்றும் இல்லை, நானும் விடாமல் தேடிப் பார்த்தேன். யாராவது வெளியே போகணும் என்று அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அறைக்கதவைச் சாத்திடுவோம் சார், கொஞ்ச நேரத்துல அடங்கிடுவாங்க" என்றார் அந்த மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

லைன் ஆஃப் பண்ணவில்லை என்று சொல்ல அங்கே யாருக்குத் தெரியும் அக்கா? எனக்கே தெரிந்திருக்காது. நான் இருந்திருந்தால் அப்பா என்று கத்தியிருப்பேன்.

பெயரை எடுத்துவிட்டேன். விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கிடைத்ததும் வருகிறேன். வந்தால் நீ தைக்கும் நேரமெல்லாம் நான் அவரோடு இருக்கிறேன். ஒன்று மட்டும் எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைப் பார்த்து யார் என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

சின்னவன்

மே 9

சின்னவனுக்கு,

உன் கடிதத்தை முறைப்பு இருக்கும்போதுதான் பிரித்தேன். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "மறுபடி நாயா?" என்றார். மனிதருக்கு வேடிக்கை பேசவும் வருகிறது.

வேலி முடிந்துவிட்டது. இப்போது நம் பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கிறது. தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நான் பயந்ததுபோல யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தைக்க வருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்பாவோடு உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். காவலாளி போகும்போதும் வரும்போதும் சந்து வழியாக எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

இவ்வளவும் செய்த பிறகு, அப்பா வேலிப் பக்கமே போவதில்லை. அன்றைக்கு ஏறியதோடு சரி. காலையில் எழுந்ததும் என்னிடம் வந்து, "லைன் ஆஃப் பண்ணியாச்சா?" என்று கேட்கிறார். "இன்னும் இல்லண்ணே" என்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டு, பின்வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வேலிக்கு மேலே தெரியும் அந்த அக்கரைக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கரண்ட் இருக்கும்போது அவர் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். முறைப்புக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். இவ்வளவு பாடுபட்ட வேலியை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையே என்கிறார்.

எனக்கும் ஒரு வருத்தம் உண்டு, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். முன்பு எப்போதாவது, சாப்பாடு போடும்போதோ தலை துவட்டும்போதோ, பெரியவளே என்று கூப்பிடுவார். இப்போது அது நின்றுவிட்டது. நான் அவருக்குத் தம்பி. கம்பத்தடியில் நிற்கிற பையன். முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். பிறகு யோசித்தேன், உயரத்தில் நிற்கும்போது அவர் யார் பேச்சை நம்பிக் கீழே இறங்குவாரோ அந்த ஆளாக இருப்பது ஒன்றும் குறைச்சல் இல்லை.

நீ வா. யார் என்று கேட்டால் மகன் என்று சொல்லிப் பார். நம்பினால் நம்பட்டும். நம்பாவிட்டால் முகத்தைத் தொங்கப் போடாதே, புதுசாக வேலைக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி என் பக்கத்தில் வந்து நில். ஊரில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லியாகிவிட்டது, அவரிடம் மட்டும்தான் இந்த ஒரு பொய் பாக்கி. நான் குளிக்கப் போயிருக்கும்போது அவர் வந்து உன்னிடமும் கேட்பார். நீ எதையும் சோதித்துப் பார்க்காமல் பதில் சொல்கிறவன் இல்லை, இருந்தாலும் இதற்கு மட்டும் யோசிக்காதே. இன்னும் இல்லண்ணே என்று சொல்லிவிடு.

அக்கா